அண்ணியின் காசைத் தொடாத வீடு

அண்ணே,

இன்று காலை உங்கள் மகள் மாலா தன் குழந்தைக்குப் பால் கரைக்கப் புதிய பால்மா பக்கெட்டின் வாயைக் கத்தரித்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. “என்னா அத்தை, கைய வெட்டிக்கிட்டீங்களா?” என்று மாலா ஓடிவந்தாள். “இல்ல புள்ள, ஒண்ணுமில்ல” என்றேன். ஒருவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதைக் கண்டால் அவர் நினைவு வருவது உலக வழக்கம். எனக்கோ நீங்கள் வாங்கவே மாட்டேன் என்று நின்ற பொருளின் வாசனையில்தான் நீங்கள் வருகிறீர்கள். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்களோடு போட்டு முடிக்காத சண்டை ஒன்று என் நெஞ்சிலேயே கிடக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொழும்புக்கு வேலைக்குப் போன என் புருஷன் அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்தபோது, ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் காம்பராவுக்கு வந்து நின்றவள் நான். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணிதான் பையை வாங்கி உள்ளே வைத்தாள். பலாங்கொடைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் ஒரே அறையாக ஒரு காம்பரா, முன்னால் திண்ணைபோல ஒரு இஸ்தோப்பு. அதற்குள் நீங்கள், அண்ணி, மாலா, சின்னவன் ரவி, நான். நீங்கள் தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்து மலைக்குப் போவீர்கள், நாங்கள் இரண்டு பேரும் கொழுந்துக்குப் போவோம். சம்பளம் வரும் முன்பே அட்வான்சுக்கும் அரிசிக்கும் மாவுக்கும் பாதி போய்விடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். நம் வீடு மட்டும் ஒன்றும் விசேஷமில்லை.

உங்களை மாற்றியது அடுத்த லயத்து மாரிமுத்துத் தாத்தாவின் கதை என்றுதான் நான் நினைக்கிறேன். அவரும் பாட்டியும் பென்சன் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளில் ஒருவரும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யவில்லை. காம்பரா வேலைக்காரர்களுக்கு வேண்டும், காலி பண்ணுங்கள் என்று ஆபிசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒரு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்குப் போகும்போது பார்த்தோம், அவர்களுடைய சட்டி பானையும் அம்மிக்கல்லும் சாக்கடைக் கான் ஓரத்தில் கிடந்தன. பாட்டி அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அன்று வேலைக்குப் போகவில்லை. அவர்களுடைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு மகளுடைய ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்தீர்கள். வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “நம்ம பேருல ஒரு புடி மண்ணு வேணும். இல்லாட்டி நாளைக்கு நமக்கும் கான்தான்” என்றீர்கள். பிறகு அதையே எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்!

மண் வாங்க வழி ஒன்றுதான் இருந்தது. பலாங்கொடை டவுனில் ஏஜென்சிக்காரன் ஒருவன் பொம்பளைகளை அரபு நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். தொண்ணூற்றாறில் அண்ணி போனாள். மாலாவுக்கு அப்போது எட்டு வயது, ரவி இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. அண்ணி போகும்போது என் கையைப் பிடித்து, “புள்ளைங்க வயிறு காயாமப் பாத்துக்க பார்வதி. நான் போறதே அதுக்குத்தான்” என்றாள். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். அவள் போனது பிள்ளைகளின் வயிற்றுக்காக என்று அவள் நினைத்தாள். மண்ணுக்காக என்று நீங்கள் நினைத்தீர்கள். அன்றைக்கே அந்த இரண்டும் வேறு வேறு என்று யாருக்காவது தோன்றியிருந்தால்!

முதல் பணம் வந்ததும் ஏஜென்சிக்காரனின் கடனை அடைத்தீர்கள். அதற்குப் பிறகு வந்தது எல்லாம் பேங்கில் போய் உட்கார்ந்தது. வீடு நம் இரண்டு பேர் சம்பளத்தில் ஓட வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டீர்கள். சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் என்னை உட்காரவைத்து மாதத்தைப் பிரிப்பீர்கள். அரிசி இவ்வளவு, கோதுமை மா இவ்வளவு, பருப்பு, உப்பு, தேங்காய், மண்ணெண்ணெய். மாசக் கடைசியில் எது தீர்ந்தாலும் கடன் சொல்லி வாங்கக் கூடாது. தேங்காய் தீர்ந்தால் தேங்காய் இல்லாத கறி. சீனி தீர்ந்தால் சீனி இல்லாத தேத்தண்ணி. லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் வல்லாரையும் போட்டீர்கள். பலாக்காய்க் காலத்தில் காலையும் மாலையும் பலாக்காய்தான். ரவி ஒருநாள் தட்டைப் பார்த்து, “அத்தை, நாளைக்கும் பலா மரத்துலதான் நம்ம வீடா?” என்று கேட்டான். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு உங்கள் தட்டிலிருந்த கருவாட்டுத் துண்டை அவன் தட்டில் வைத்தீர்கள்.

அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் தின்றவர் இல்லை. வெற்றிலையை விட்டீர்கள். பீடியை விட்டீர்கள். டவுனுக்குப் பஸ் இருக்கும்போது குறுக்கு வழியில் நடந்து போய் நடந்து வந்தீர்கள். கால் பெருவிரல் வெளியே தெரியும் செருப்பைக் கம்பி வைத்துக் கட்டிப் போட்டீர்கள். பொண்டாட்டி வெளிநாட்டில் இருக்கும் மற்ற ஆம்பளைகள் அந்தக் காசில் கசிப்புச் சாராயம் குடித்துக் கானில் விழுந்து கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்ட லயம் உங்களைப் பார்த்துச் சிரித்தது. “அரபிக் காசு மேல படுத்துக்கிட்டு அரைப் பட்டினி கெடக்குறான்” என்றார்கள்.

திருவிழாவுக்குப் பணம் தண்ட வந்த தோட்டத் தலைவர் இஸ்தோப்பில் நின்று கேட்டதும் நினைவிருக்கிறது. மற்றவர்கள் கொடுப்பதைத்தான் நீங்களும் கொடுத்தீர்கள். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னாப்பா இது? ஒம் பொண்டாட்டி வெளிநாட்டுல இருக்கா. ஆத்தாளுக்கு இவ்வளவுதானா?” என்றார்.

“அவ அங்க தரை தொடைக்கிறா தலைவரே,” என்றீர்கள். “அதுல நான் இங்க தேரு இழுக்க முடியாது.”

சத்தம் போடாமல்தான் சொன்னீர்கள். அந்த வருஷம் நம் வாசலில் சாமி நிற்கவில்லை. தேர் நம் இஸ்தோப்பைத் தாண்டிப் போய் அடுத்த வாசலில் நின்றது. நான் தேங்காய் பழத் தட்டோடு நின்றிருந்தேன். மாலா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “ஏன் அத்தை நிக்கல?” என்றாள். நான் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். நீங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் போஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டீர்கள்.

அப்போதெல்லாம் அண்ணி கேசட்டில் பேசி அனுப்புவாள். யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டு ரேடியோவை இரவல் வாங்கி வைத்துக் கேட்போம். முதலில் கொஞ்ச நேரம் அழுகைதான் இருக்கும். பிறகு, “புள்ளைங்களுக்குப் பால்மா வாங்கிக் குடுக்குறீங்களா? இங்க இந்த வீட்டுப் புள்ளைக்கு நான்தான் காலையிலும் சாயங்காலமும் பால் கலக்குறேன். கலக்கும்போதெல்லாம் ரவியத்தான் நெனைக்கிறேன்” என்றாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டீர்கள். பதில் கேசட்டில் பேசப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். “நாங்க நல்லா சாப்புடுறோம் அம்மா” என்று ரவி சொன்னான். யாரும் சொல்லிக்கொடுத்து அவன் சொல்லவில்லை. பிள்ளைக்கே தெரிந்திருந்தது, எதைச் சொல்ல வேண்டுமென்று.

மாலா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தது அதற்கு அடுத்த வருஷம். காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாளாம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஆள் வந்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், மருந்துக்கார ஐயா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். “ரத்தமே இல்லையே! இதுக்கு மருந்து எதுக்கு? பால் குடு, முட்டை குடு” என்றார்.

அன்று சாயங்காலம்தான் நான் உங்களோடு முதல்முறையாக வாய் திறந்து சண்டை போட்டேன். மாலா உள்ளே படுத்திருந்தாள். நீங்கள் போஞ்சிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“அண்ணே, காசு பேங்குல கெடந்து என்னா பண்ணப்போகுது? புள்ள கீழ விழுந்துருச்சு. அண்ணிக்கு நான் என்னா பதில் சொல்றது?”

நீங்கள் குச்சியை நட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினீர்கள்.  “அது காசு இல்ல தங்கச்சி. அது ஒன் அண்ணியோட நாளு. அவ அங்க இருந்து அனுப்புற ஒவ்வொரு நாளையும் சேத்து வச்சிருக்கேன். இப்ப நான் அத எடுத்துத் தின்னுட்டா, அந்த நாள அவ திரும்பப் போயி இருந்துட்டு வரணும்.”

நான் உள்ளே போய் மாலாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாளிலிருந்து மாலாவுக்கு முட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துச் சிங்களக்காரர் ஒருவரின் மிளகுக் காணியில் கூலிக்குப் போய் அந்த முட்டைக்குச் சம்பாதித்தீர்கள். அப்போதும் பேங்குக்குப் போகவில்லை. டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, “பால்மாவ எடுத்துட்டுப் போங்க, காச மாசக் கடைசியில குடுங்க” என்று நீட்டினார். “வேணாம் நானா, ஒருதடவ கை நீட்டினா கை மடங்காது” என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். நான் கூட இருந்தேன். அந்தப் பக்கெட்டை நானா திரும்ப அலமாரியில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நிமிஷம் உங்களை நான் வெறுத்தேன், அண்ணே. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு என்றைக்கும் தைரியம் வரவில்லை.

நான்கு வருஷம் கழித்து அண்ணி திரும்பினாள். மற்றப் பொம்பளைகள் வேன் பிடித்து, ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் போய் அண்ணியைப் பஸ்ஸில் கூட்டிவந்தீர்கள். பெட்டி பஸ் கூரை மேல் வந்தது. நாங்கள் தோட்டத்துச் சந்தியில் நின்றோம். அண்ணி இறங்கி ரவியைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என் பக்கத்தில் நின்ற மாலாவைப் பார்த்து, “இது யாரு, நம்ம லயத்துப் புள்ளையா?” என்று கேட்டாள். அவள் மனதில் மாலா இன்னும் வளர்ந்தவளாக, சதைப்பற்றோடு இருந்திருக்கிறாள். “அம்மா, நான்தான்” என்று மாலா சொன்னதும், அண்ணி அவளுடைய கையை மேலிருந்து கீழே வரை தடவிப் பார்த்தாள். தடவிப் பார்த்துவிட்டு உங்களை ஒரு பார்வை பார்த்தாள். 

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் பெட்டியைத் திறந்து பெரிய பால்மா டின்னை எடுத்தாள். இரண்டு கோப்பையில் கெட்டியாகக் கலக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். ரவி மூச்சு விடாமல் குடித்தான். இன்னும் வேண்டுமென்றான். அதையும் குடித்தான். குடித்து முடித்து இஸ்தோப்புக்கு ஓடி, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். “பழக்கமில்ல அண்ணி, அதான்” என்று நான் என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

அண்ணி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நான் அனுப்புனது என்னா ஆச்சு?” என்று கேட்டாள்.

உங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிமிஷம் என்று எனக்குத் தெரியும். நான்கு வருஷம் அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தீர்கள். “எல்லாம் இருக்கு,” என்றீர்கள். உங்கள் குரலில் ஒரு பெருமை இருந்தது. “ஒரு சதம்கூட தொடல. எல்லாம் அப்படியே இருக்கு.”

“எல்லாம் இருக்கா?” என்றாள் அண்ணி. “குடிச்சுட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். எல்லாம் இருக்குன்னா, எம் புள்ளைங்க ஏன் இப்புடி இருக்கு? நாலு வருசம் ஊரான் புள்ளைக்கு நான் ஊட்டி ஊட்டி வளத்தேனே, எம் புள்ளைக்கு ஊட்ட இங்க ஒரு ஆளு இல்லாமப் போச்சே!”

 அதற்குப் பிறகு அண்ணி அழுததை லயமே கேட்டது. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட அன்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பல நாள் அவள் உங்களோடு பேசவில்லை. நீங்கள் ஒருநாள் கொல்லையில் என்னிடம் கேட்டீர்கள். “அவ சொல்றது சரிதான் தங்கச்சி. ஆனா நான் செஞ்சதும் தப்புன்னு எனக்குப் படல. ரெண்டும் எப்புடிச் சரியா இருக்கும்?”  

ஏஜென்சிக்காரன் மறுபடி வந்து வாசலில் நின்றான். தெரிந்த வீடாம், இன்னும் ஒரு இரண்டு வருஷம் போய்வந்தால் கல்வீடே கட்டலாமாம். அண்ணி உங்களைப் பார்த்தாள். அவள் போவதற்குத் தயாராகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன், கோபத்திலாவது. நீங்கள் அவனிடம், “இனி அவ போகமாட்டா. அவ போகத் தேவையில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

மிளகுக் காணிக்காரர்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பஸ் ரோட்டுக்குக் கிட்டே ஒரு துண்டு நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்தார். அது யுத்தக் காலம். தோட்டத்துத் தமிழனுக்குக் காணி கொடுக்கிறாயா என்று கிராமத்தில் இரண்டு மூன்று பேர் அவரை மறித்தார்கள். பொலிசுக்கும் சொன்னார்கள். பொலிசில் உங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்கள். வந்த காசு ஒன்றும் குறையாமல், எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தது. நானா வந்து உங்களுக்காகப் பேசினார். காணிக்காரர் எல்லோர் முன்னாலும், “மினிஹா பொரு கியன்னே நே” என்றார். மனுசன் பொய் சொல்லமாட்டான் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் காரியம் நடந்தது.

நொத்தாரிசு வீட்டில் காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது, யார் பேருக்கு என்று கேட்டார்கள். நீங்கள் யோசிக்கவே இல்லை. “அவ பேருக்கு” என்று அண்ணியைக் காட்டினீர்கள். அண்ணிக்கு அதை முன்பே சொல்லியிருக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் நம் எல்லோரையும் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் ஃபலூடா வாங்கினாள். உங்களிடம் கேட்கவில்லை. நீங்களும் விலை கேட்கவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுடச்சுடத் தேத்தண்ணி குடிப்பதுபோல உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தீர்கள்.

அன்றிலிருந்து வீட்டுச் செலவை அண்ணி கையில் எடுத்துக்கொண்டாள். மண்கல் அறுத்து, தகரம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இந்த வீடு எழும்பியது. தினமும் பால் இருந்தது, வாரத்தில் ஒருநாள் மீன் இருந்தது. நீங்கள் கொடுத்ததைச் சாப்பிட்டீர்கள். ஆனால் அண்ணி உங்களுக்குப் பரிமாறிவிட்டு எழுந்து போய்விடுவாள். பக்கத்தில் உட்காரமாட்டாள். நீங்களும் “உக்காரு” என்று சொல்லமாட்டீர்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சொந்தச் சுவருக்குள் நீங்கள் இரண்டு பேரும் இரண்டு லயத்துக்காரர்கள்போல இருந்தீர்கள். அதை வருஷக்கணக்கில் பார்த்தவள் நான்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கூலிக்குப் போன வயலில் நின்ற தண்ணீரால் வந்த எலிக்காய்ச்சல் என்றார்கள். பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. அண்ணி வாசலில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து, உரித்து, சுளையை உங்கள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். நீங்கள் வாயைத் திறக்காமல், “என்னா வெல?” என்றீர்கள்.

“சும்மா குடுத்தாங்க,” என்றாள் அண்ணி.

“யாரு சும்மா குடுப்பா?”

“தின்னுங்க. ஒங்களப் பாத்து எரக்கப்பட்டு சும்மா குடுத்தாங்க.”

உங்களுக்குப் பொய் என்று தெரிந்தது. சிரித்தீர்கள். அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிலில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மாலை முழுக்க அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் உங்களைத் தனி வார்டுக்கு மாற்றினார்கள். பிறகு நீங்கள் பேசவில்லை.

தோட்டமே ஆற்றைக் கடந்து வந்தது, உங்களைத் தூக்க. தலைவரும் வந்தார்.

மாலாவுக்குப் பிரசவம் கஷ்டமாகத்தான் இருந்தது. சின்ன வயதிலேயே உடம்பில் சத்து இல்லாமல் போயிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அண்ணி என் பக்கம் திரும்பவில்லை, நான் அண்ணி பக்கம் திரும்பவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து மாலாவிடம் கேட்டேன், அப்பா மேல் கோபமா என்று. “அப்பாவ நான் எதுக்குக் கோவிக்கணும் அத்தை? ஆனா எம் புள்ள ஒண்ணு கேட்டு, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அது மட்டும் தெரியும்” என்றாள்.

அவளுக்கு வராத கோபம் எனக்கு இருக்கிறது, அண்ணே. நானாவின் கடையில் நின்ற அந்த நிமிஷம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இன்று உங்களைக் கொல்லைக்குக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றும் தெரியும். அது எனக்குப் போதாது என்றும் தெரியும்.

போன மாதம் எனக்குப் பென்சன் வந்தது. பேரை வெட்டிவிட்டு, கொழுந்துக் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி இந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். புருஷனும் இல்லாத, பிள்ளையும் இல்லாத ஒருத்தி நான். இங்கிருந்து எழும்பிப் போ என்று சொல்ல எனக்கு மேலே யாரும் இல்லை. உங்கள் மேல் உள்ள இந்தக் கோபத்தை நான் கடைசிவரை வைத்திருப்பேன். அதை வைத்துக்கொண்டு இருக்க ஒரு இடத்தையும் நீங்கள்தான் வாங்கித் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் தங்கச்சி,
பார்வதி